வேலை கேட்கும் ஊருக்கு வரலாறு எதற்கு? – கொஸ்லந்தை குறித்து ஒரு வாதம்

மலையகத் தமிழரின் வேலையின்மை பற்றி எழுதுவோர் ஒருபுறமும், அவர்தம் வரலாறு பற்றி எழுதுவோர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பது அண்மைக்கால எழுத்துக்களில் காணப்படும் ஒரு பண்பாகும். முன்னையோர் கையில் பயிற்சித் திட்டங்களும் புள்ளிவிவரங்களும் உள்ளன. பின்னையோர் கையில் கப்பலும் காடும் கங்காணியும் உள்ளன. “முதலில் வேலை, வரலாறு பிறகு” என்பது முன்னையோரின் கூற்று. பசித்தவனுக்குப் பழங்கதை எதற்கு என்ற நியாயம் அதில் தொனிக்கின்றது. நியாயமானது போலத் தோன்றும் இக்கூற்றே மலையக இளைஞருக்குப் பெருந்தீங்கு விளைவித்து வருகின்றது. கொஸ்லந்தை போன்ற ஓர் ஊரில் வேலை பற்றிய கேள்வியும் வரலாறு பற்றிய கேள்வியும் ஒன்றே என்பதும், ஒன்றை ஒத்திவைப்பவர் மற்றையதையும் மறுப்பவராகவே முடிவர் என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

கொஸ்லந்த பதுளை மாவட்டத்தின் தென்னோரத்தில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் அமைந்த ஒரு சிறிய கடைத்தெரு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல ஆகிய இடங்களைக் கடந்து வெல்லவாய நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை அதன் நடுவே செல்கின்றது. மேலே பூனாகலை, மாக்கல்தெனிய, மீரியபெத்த எனத் தேயிலை மலைகள். கீழே சற்றுத் தொலைவில், பூனாகலை ஓயா ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகின்றது. பலாமரத்தைக் குறிக்கும் ‘கொஸ்’ என்னும் சிங்களச் சொல்லோடு புதர்க்காட்டைக் குறிக்கும் ‘லந்த’ சேர்ந்தமைந்த பெயர் அது. காலைப் பேருந்துகளில் இவ்வூரின் இளைஞரும் யுவதியரும் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் வெல்லவாயவுக்கும் செல்கின்றனர். கடைச் சிப்பந்திகளாகவும் தையற் தொழிலாளராகவும் வாகனத் திருத்தகங்களில் கையாட்களாகவும் உழைத்து இருட்டிய பின் மீள்கின்றனர். கொழும்புக்குச் சென்றோர் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்குமே வருவர். மத்திய கிழக்குக்குச் சென்ற தாய்மாரோ ஒப்பந்த காலம் முடியும் வரை வாரார். பகலில் தன் இளந்தலைமுறையை இழந்து, இரவில் அவருள் ஒரு பகுதியினரை மட்டும் திரும்பப் பெறும் ஊர் இது.

இதற்குத் தோட்ட நிருவாகங்கள் கூறும் விளக்கம் எளிமையானது. இக்கால இளைஞர் மலையில் இறங்க வெட்கப்படுகின்றனர், படித்ததும் கொழுந்துக் கூடை அவர்களுக்குக் கௌரவக் குறைவாகி விடுகின்றது என்பதே அது. 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்துக்கு மாதம் முழுவதும் வேலை நிச்சயமில்லாத மலையில், நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ மட்டுமே போடப்படும் ஒரு தொழிலை ஏற்க மறுப்பவரின் மனநிலையை ஆராய்வதற்கு முன், அத்தொழிலைத் தவிர வேறொன்றும் அவ்விடத்தில் ஏன் இல்லை என்பதை ஆராய்வதே முறையாகும். அந்த இன்மை இயற்கையானதன்று. அது திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை வரலாறே கூறும்.

1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய முறை வயலையும் குளத்தையும் கால்நடையையும் அழித்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அந்நிலத்திற் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, அதன் இடத்தைத் தேயிலை பற்றியது. நிலத்தை இழந்த கண்டியக் கிராமத்தவர் தோட்டக் கூலியாக மாற மறுத்தமையால் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். ஆகவே ஒரு மக்கட் கூட்டம் நிலத்தை இழந்த அதே ஏற்பாட்டில், மற்றொரு மக்கட் கூட்டம் நிலமில்லாமலே அந்நிலத்திற் குடியமர்த்தப்பட்டது. கிராமமும் தோட்டமும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று பகையாக நோக்கப் பழகியமைக்கு மூலகாரணம் இதுவே. இன்று காலைப் பேருந்தில் தமிழ் இளைஞனுக்கு அருகே அமர்ந்து செல்லும் சிங்கள இளைஞனும் அதே வரலாற்றின் மறுபாதியைச் சுமந்தே வேலை தேடிச் செல்கின்றான் என்பதை மறத்தலாகாது.

தோட்டம் ஓர் ஊராக வளர்வதைத் தடுப்பதற்கு அக்காலத்தே கையாளப்பட்ட கருவி ‘துண்டு’ ஆகும். தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடன் அத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். துண்டின்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. துண்டோடு வந்தால் அக்கடனும் உடன் வரும். புகையிரதம் 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் அடைந்து தேயிலைப் பெட்டிகளைத் தடையின்றிக் கொழும்புக்கு இறக்கியது. தேயிலைக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் அதைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை. தொழிலாளர் இதனைப் பொறுத்துக் கிடந்தனர் என்பதும் பொய். 1920களிலும் 1930களிலும் கோ. நடேசய்யர் தொடங்கிய தொழிற்சங்க இயக்கமும், 1940 இல் பதுளை வெவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்த போராட்டமும் அதற்குச் சான்று பகரும்.

துண்டு முறை 1921 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் அதன் உள்ளடக்கம் வேறோர் உருவிற் பிழைத்தது. அவ்வுருவே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறையில் ஒரு குடும்பம் வாழும் உரிமை, அக்குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்வதோடு பிணைக்கப்பட்டது. மகன் கொழும்பிற் கடையில் நிற்கலாம், மகள் பண்டாரவளையில் தைக்கலாம். ஆனால் தாய் மலைக்குப் போகாவிட்டால் கூரை கேள்விக்குள்ளாகும். மூத்தவள் ஓய்வு பெறும் வயதை அடைந்ததும் இளையவள் படிப்பை விட்டுப் பெயர் பதிவதற்குக் காரணம் தேயிலை மீதுள்ள பற்றன்று, வீடு பற்றிய அச்சமே. ஒரு தொழிலாளி வேலையை விட்டு நீங்கும்போது வீட்டையும் விட்டு நீங்க நேருமெனின், அவன் தொழிலைத் தெரிவு செய்கின்றான் என்று எந்தப் பொருளியல் நூலின் துணை கொண்டும் கூறவியலாது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் அவை நீண்டகாலக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. உடைமையாளர் மாறிய ஒவ்வொரு தடவையும் ஆவணங்களில் தேயிலைச் செடியும் தொழிற்சாலையும் கணக்கிடப்பட்டன. லயத்தில் வாழ்ந்தோரின் உரிமை எங்கும் எழுதப்படவில்லை.

அரச உத்தியோகத்தின் கதவு எவ்வாறு அடைக்கப்பட்டது என்பதும் இவ்வாறே நோக்கற்பாலது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. நாடற்றவர் எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ தபாற்காரராகவோ அரச சேவையிற் சேர இயலாது. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அப்பங்கீட்டில் ஓர் ஊரின் ஆசிரியர், கூத்துக் கலைஞர், கதை அறிந்த பாட்டி எனப் பலரும் கப்பலேறினர். ஊரின் நினைவும் அவர்களோடு அகன்றது. நாடற்ற நிலை சட்டத்தில் முற்றாக நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேயே. அதுவரை அப்பாடசாலை பெரும்பாலும் ஓராசிரியர் கொட்டகையாக இருந்து, ஐந்தாம் வகுப்போடு பிள்ளையை மலைக்கு அனுப்பி வைத்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டங்கூடத் தோட்ட எல்லைக்குள் சபையின் சேவை செல்வதற்கு இடமளிக்கவில்லை. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. தெருவிளக்குப் பொருத்துவதற்கும் பாதை செப்பனிடுவதற்கும் பிற ஊர்களிற் சிலருக்குக் கிடைத்த உள்ளூர் வேலை தோட்டத்தில் இல்லாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். இவ்வளவையும் அறியாத ஒருவர், “இப்பிள்ளைகளுக்கு இலட்சியம் போதாது” என்று உரையாற்றி, ஊக்கமூட்டும் பயிற்சி ஒன்றை ஒழுங்கு செய்து செல்வது வியப்பன்று.

வரலாறும் வேலையும் வேறல்ல என்பதற்குக் கொஸ்லந்தை கொடுத்த விலை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் வெளிப்பட்டது. மேற்குறித்த ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு நிறைவுக்கு முதல்நாட் காலையில் மீரியபெத்த மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என்றும் மக்கள் அகற்றப்பட வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் மக்கள் போகவில்லை என்று பழியை இறந்தோர் மீது ஏற்றியோர் அன்றும் இருந்தனர். எங்கே போவது? வேறு காணியும் வீடும் கையளிக்கப்படாமல், வேலையோடு பிணைந்த கூரையை விட்டு எழுந்து செல்வதற்கு ஒரு குடும்பத்துக்கு என்ன வழி இருந்தது? மலை சரியும் என்ற அச்சத்தையும் பெயர் வெட்டப்படும் என்ற அச்சத்தையும் தராசிலிட்டு வாழ்ந்தவர்களைக் கவலையீனர் என்பது அறமன்று.

அன்றைய நிகழ்வில் மற்றுமோர் உண்மையும் அடங்கியுள்ளது. புதையுண்டோர் எத்தனை பேர் என்பதைப் பல நாட்களாக எவராலும் கூற முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்ட எண், நாட்கள் செல்லச் செல்ல நாற்பதுக்குக் குறைவாக இறங்கிற்று. ஒரு நாளில் மலைக்கு வந்த கைகள் எத்தனை, அவை பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்பதைச் செக்ரோலில் ஒன்றரை நூற்றாண்டாகத் தவறாது பதிந்து வரும் ஓர் அமைப்புக்கு, அந்த லயங்களில் எத்தனை மனிதர் வாழ்ந்தனர் என்பது தெரிந்திருக்கவில்லை. ஊருக்கு வரலாறு எழுதப்படாமை என்பதன் பொருள் இதுதான். அது நூலகத்தில் ஒரு நூல் குறைவது மட்டுமன்று. மனிதர் மண்ணுள் மறைந்த பின் அவர்கள் இருந்தனர் என்பதற்குச் சான்று குறைவது. உயிர் தப்பியோர் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கியிருந்து, 2016 இலேயே புதிய 75 வீடுகளுக்குச் சென்றனர்.

“முதலில் வேலை” என்போர் கொஸ்லந்தைக்குக் கொணரும் வேலை எத்தகையது? கொழும்பு வீடுகளிற் பணி, கடைகளில் மூட்டை தூக்கல், வாயிற்காவல், வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லல் ஆகியனவே. வெளிநாட்டு முகவரின் உள்ளூர்த் தரகர் புறப்படுமுன் குடும்பத்தின் கையில் முற்பணம் கொடுக்கின்றார். அப்பணம் கடனை அடைக்கின்றது; அடைத்த கடன் பெண்ணைப் பிணிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரத்துச் சிற்றூரில் கங்காணி கொடுத்த முற்பணத்துக்கும் இதற்கும் உள்ள உறவை அறிவதற்கு வரலாறு வேண்டும். அவ்வறிவு உடைய யுவதி தரகரிடம் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். அவ்வறிவு இல்லாத திட்டக்காரரோ ஆட்சேர்ப்பு முறையின் புதிய பதிப்பை ‘வேலைவாய்ப்பு’ எனப் பெயரிட்டு வழங்குகின்றார்.

அங்கேயே உருவாகக்கூடிய தொழில்கள் இல்லை என்று கூறுவதற்கும் இடமில்லை. ஹல்துமுல்லை உள்ளிட்ட பதுளை மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில, 1999 இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இருமொழிப் பிரிவு என்பது இருமொழி அலுவலரை வேண்டுவது. தமிழும் சிங்களமும் ஒருங்கே அறிந்த தோட்டத்து இளைஞனுக்கு அது ஓர் உத்தியோகக் கோரிக்கைக்கான சட்ட அடிப்படை. ஆனால் அப்பிரகடனம் ஒன்று உண்டென்பதை அவ்வூரிற் பத்துப் பேருக்குச் சொல்லியவர் யார்? இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை இன்று உற்பத்தி செய்வோர் சிற்றுடைமையாளர். பெருந்தோட்ட நிருவாகமின்றித் தேயிலை வாழாது என்ற பழைய வாதம் இதனாற் பொய்த்தது. எனினும் நாற்று நடுதல், கவ்வாத்து வெட்டுதல், கொழுந்தெடுத்தல் ஆகியவற்றில் ஐந்து தலைமுறைத் திறன் கொண்ட கொஸ்லந்தைக் குடும்பத்துக்கு ஒரு தேயிலைச் செடிகூடச் சொந்தமில்லை. அவர்களுக்குப் பேசப்படுவது ஏழு பேர்ச் காணி. ஓர் ஏக்கரில் அத்தகைய துண்டுகள் இருபத்திரண்டு அடங்கும். அது குடியிருக்கப் போதும், பிழைக்கப் போதாது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலை பெறும் தனி மணம் உலகச் சந்தையில் விலைபோவது. அம்மணத்தைச் சுவைத்து விலையிடுவோரும் ஏலத்தில் விற்போரும் கொழும்பில் உள்ளனர். கொழும்பு ஏலம் 1883 முதல் நடந்து வருகின்றது. பதுளையில் 2005 இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப் பாடமாகவே கற்பிக்கின்றது. அப்பாடத்துக்குரிய விஞ்ஞானப் பிரிவை உயர்தரத்திற் கற்பதற்குத் தோட்டப் பாடசாலைகளில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லையெனில், தேயிலையின் பிள்ளை தேயிலையைக் கற்க மாட்டாது. உல்லாசப் பயணத் துறையும் இவ்வாறே. ஹப்புத்தளையில் தோமஸ் லிப்டன் அமர்ந்து நோக்கிய இடம் ‘லிப்டன் இருக்கை’ எனப் பயண நூல்களில் இடம்பெறுகின்றது. தம்பேதன்னைத் தொழிற்சாலை 1890 இல் அவரால் கட்டப்பட்டது என்பதும், அதிஷம் மாளிகை சேர் தோமஸ் வில்லியர்ஸால் 1931 இல் அமைக்கப்பட்டது என்பதும் வருவோர்க்கெல்லாம் சொல்லப்படுகின்றன. கல் சுமந்தவரின் பெயரோ பாதை வெட்டியவரின் பெயரோ சொல்லப்படுவதில்லை. வரலாறு யாருடையதாக எழுதப்படுகின்றதோ, அதைச் சொல்லி உழைக்கும் தொழிலும் அவர் வழி நிற்போருக்கே செல்லும். தியலுமவைக் காண வருவோருக்கு அம்மலையின் கதையை உரைக்கும் உரிமையும் ஊதியமும் அங்கு பிறந்தவருக்கு உரியவை. மீரியபெத்தவின் துயரத்தைக் காட்சிப் பொருளாக விற்பதற்கு அது அனுமதியாகாது என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையை வேண்டி நிற்கின்றது. அவ்விடத்தில் வாழ்வோர் தோட்டத்தின் தொழிலாளர் என்ற நிலையிலிருந்து ஊரின் குடிகள் என்ற நிலைக்கு வருதலே அது. காணி கோருபவர் எத்தனை தலைமுறையாக அங்கு வாழ்கின்றார் எனக் கேட்கப்படுவார். பாடசாலையைத் தரமுயர்த்தக் கோருபவர் அதன் கடந்த காலத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அபாய மலையிலிருந்து மாற்றிடம் கோருபவர் முந்திய சரிவுகளையும் மாறிய நீரோட்டத்தையும் சான்றாக வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயன்படும் ஆவணமே ஊர் வரலாறு.

மலையக வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்ற மறுப்பு ஈண்டு எழலாம். உண்மையே; பொது வரலாறு எழுதப்பட்டுள்ளது. 2023 இல் இருநூறாண்டு நிறைவு நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் நிகழ்ந்தது. அது போற்றற்குரியது. ஆயினும் பொது வரலாறு ஓர் இனத்தின் இருப்பை நிறுவுமேயன்றி, ஒரு குடும்பத்துக்கும் ஒரு மலைக்கும் உள்ள உறவை நிறுவாது. மாத்தளைக்கு அப்பால், ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் அந்தப் பயணம் எழுத்தில் வந்து சேர்தல் வேண்டும்.

இக்குறைக்குப் பொறுப்பேற்க வேண்டியோருள் பல்கலைக்கழகத் தமிழுலகும் ஒன்று. சங்கச் செய்யுளிற் குறிஞ்சியின் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் யாவை என்பதை மாணவன் பிழையின்றி எழுதுகின்றான். பூனாகலை எங்குள்ளது என வினவின் விழிக்கின்றான். பல்லவர் கல்வெட்டுக்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் துறை, தோட்டத்துக் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்ட உபயகாரர் பெயர்களை எழுத்து எனக் கருதுவதில்லை. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த அருமையான சிலரும், தம் ஊரைப் பற்றி ஆய்வு செய்வது தகுதிக் குறைவோ என ஐயுறும் சூழலிலேயே பயில்கின்றனர். தன் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கும் பட்டதாரியை உண்டாக்கிய கல்வி, அவ்வூருக்கு வேலை தேடித் தரும் என எதிர்பார்ப்பது வீண்.

செய்யக்கூடியவை பெரியனவல்ல. பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் சேர்வு இடாப்புகளும் கறையானுக்கு இரையாகுமுன் பிரதி செய்யப்படல் வேண்டும். பழைய செக்ரோல்கள், பிறப்புச் சான்றிதழ்கள், கோயிற் கணக்குகள், கல்லறை எழுத்துக்கள் ஆகியன திரட்டப்படல் வேண்டும். அதிகாரபூர்வப் பெயருக்கு அப்பால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மலைக்கும் தொழிலாளர் இட்டு வழங்கும் பெயர்கள் வரைபடத்தில் குறிக்கப்படல் வேண்டும். கப்பலேறாது எஞ்சிய முதியோரின் வாய்மொழி ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். அருகிலுள்ள சிங்களக் கிராமத்தவரின் நினைவும் அதே கவனத்தோடு திரட்டப்படல் வேண்டும். அதுவின்றி எழுதப்படும் ஊர் வரலாறு அரைகுறையாகவே முடியும். சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரைகளில் ஆண்டுக்கொன்றாவது இத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று விதிப்பது துறைகளுக்கு இயலாததன்று. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் இருவருக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பேருந்துக் கட்டணமும் வழங்குவது தமிழ்ச் சங்கங்களுக்கு இயலாததன்று.

அவ்வாறு திரட்டப்பட்டவை பல்கலைக்கழக நூலகத்தோடு நின்றுவிடலாகாது. அவற்றின் ஒரு பிரதி கொஸ்லந்தைப் பாடசாலைக்கும் மற்றொரு பிரதி ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்கும் சென்று சேர்தல் வேண்டும். காணிக் கச்சேரி கூடும் நாளில் ஒரு தாய் தன் பேத்தியோடு அங்கு சென்று, தன் மாமியார் எந்த லயத்தில் எந்த ஆண்டு முதல் வாழ்ந்தார் என்பதை எழுத்திற் காட்டத்தக்க நிலை அதனால் உருவாகும். அந்நிலை வரும்வரை “முதலில் வேலை” என்பது, முதல் பேருந்தில் ஊரை விட்டுப் போ என்பதன் மறுபெயராகவே இருக்கும்.